விழியிலார் வழிநடை

இரட்டைப் புலவர் வரலாற்றைத் தமிழ் பயில்வார் யாவரும் அறிவர். ஒருவர் விழியிலார், மற்றவர் கால் வழங்காதவர். விழியிலாரின் தோள்மீது மற்றவர் அமர்ந்து வழிசொல்ல, இருவரும் ஊர்தோறுஞ் சென்று, ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடிக்கப் பாடிவந்தனர் என்பது செவிவழிச் செய்தி. புலமை நயங் கருதியே இதனைப் பலரும் எடுத்துரைப்பர். யாம் ஈண்டு வேறொன்று கருதி எடுத்துக்கொண்டோம். உடலில் அணிந்து செல்லும் வழிகாட்டுங் கருவிகள் என இக்காலத்தார் பேசுகின்றனரே, அவற்றிற்கெல்லாம் முன்னோடி அத்தோள்மேல் வீற்றிருந்த புலவரேயன்றோ? அக்கருவி பேசவும் செய்தது. வெண்பாவின் பின்பாதியையும் தந்தது. அத்துணைச் சிறந்த கருவி பிறகு எவர்க்கும் வாய்த்திலது!

அந்தகக்கவி வீரராகவ முதலியார் ஈழம் வரை சென்று பரிசில் பெற்றார் என்பர். பழனியில் வாழ்ந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர், இளமையிலேயே அம்மை நோயால் விழியிழந்தும், அரசவைகளில் பாடிப் புகழ்பெற்றார். இவர்கள் நாவன்மையைப் போற்றும் நாம், இவர்கள் ஓரூரினின்று மற்றோரூர் சென்றது எங்ஙனம் என்று வினாவுவதில்லை. பிறர் கை கிடைத்தபோது சென்றிருப்பர். கிடையாதபோது இருந்த இடத்திலேயே இருந்திருப்பர். பிறர் கை கிடையாத நேரத்திலும் விழியிலார் தாமே புறப்பட்டுத் தாம் கருதிய இடத்தைச் சேர்தல் கூடுமா? கூடுமாயின் அதற்குக் கருவி யாது? இதுவே இக்கட்டுரையின் பொருள்.

நம் நெல்லைச் சீமைக்கு இப்பொருள் அயலானதன்று. தூத்துக்குடியினின்று மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் பாளையங்கோட்டை. ஆங்கு 1890-ஆம் ஆண்டில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்கெனப் பள்ளியொன்று தொடங்கினார். இந்தியாவில் இத்தகைய பள்ளிகளுள் மிகப் பழையவற்றுள் அஃது ஒன்று. விரல் நுனியால் தடவிப் படிக்கும் புள்ளியெழுத்து வந்தபின், ஏடு அவர்க்கு வசமாயிற்று. ஆயின் ஏடு வசமானதுபோலத் தெரு வசமாகவில்லை. விரலுக்கு எழுத்துத் தந்த உலகம், காலுக்கு வழி தரப் பின்னும் அரை நூற்றாண்டு தாழ்த்தது.

கோலூன்றி நடத்தல் பண்டைக் காலந்தொட்டே உள்ள வழக்கம். அக்கோலை வெண்ணிறமாக்கினால் வண்டியோட்டுவோர் கண்டு விலகுவர் என்னும் எண்ணம் 1921-இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஜேம்ஸ் பிக்ஸ் என்பார்க்குத் தோன்றியது. அவர் தாமும் விழியிழந்தவரே. அதுகாறும் கோல் ஊன்றுகோலே. அதைத் துழாவுகோலாக்கியவர் அமெரிக்கர் ரிச்சர்டு ஹூவர். இரண்டாம் உலகப் போரில் விழியிழந்த வீரர்களுக்கு 1944-ஆம் ஆண்டளவில் பென்சில்வேனியாவிலுள்ள படைமருத்துவமனை ஒன்றில் அவர் ஒரு நடைமுறையைக் கற்பித்தார். கோல் நெஞ்சுயரம் இருத்தல் வேண்டும், மெல்லியதாதல் வேண்டும், இடக்கால் முன்வைக்கும்போது கோலின் நுனி வலப்பக்கத்து நிலத்தையும், வலக்கால் முன்வைக்கும்போது இடப்பக்கத்து நிலத்தையும் தொடுதல் வேண்டும். அடுத்து அடி வைக்கும் இடத்தைக் கோல் முன்னதாகவே தொட்டறிந்து விடுகின்றது. பள்ளமோ, படியோ, கல்லோ, நீர்த்தேக்கமோ, ஓரடிக்கு முன்னரே கைக்குத் தெரியும். மின்கலம் வேண்டாத, பழுதுறாத, விலை குறைந்த இக்கருவியை வென்ற கருவி இன்றுவரை எழவில்லை என்பது எம் துணிபு.

ஆயினும் கோலுக்கு ஒரு குறை உண்டு. அது நிலத்தை அறியும், வானத்தை அறியாது. முழங்காலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதன் அடியில் கோல் தடையின்றிப் புகுந்து செல்லும். பின்னால் வரும் மார்பும் நெற்றியும் அன்றோ மோதிக்கொள்ளும்! இக்குறை எத்துணைப் பெரிதென்பதை இத்துறைமுக நகரில் ஒரு நாழிகை நடந்தால் அறியலாம். உப்பு மூட்டைகளையும் நிலக்கரியையும் ஏற்றுகின்ற லாரிகள் சாலையோரம் நிற்கின்றன. அவற்றின் பின்சக்கரங்களுக்கு அப்பால் பலகை நான்கைந்து அடி வெளியே நீண்டிருக்கும். அதன் கீழே வெறும் வெளியே. கடற்கரையில் ஏற்றி வைத்த படகின் அணியம் தலைமட்டத்தில் நீண்டிருக்கும். கடைமுன் கட்டிய சாய்ப்பின் கயிறு, சாய்ந்த மரக்கிளை, திறந்து கிடக்கும் சன்னற்கதவு ஆகிய எல்லாம் இவ்வகையினவே.

இக்குறையைக் கோல் பிடித்தோர் பலர் செவியால் ஓரளவு நிரப்பிக்கொள்கின்றனர். சுவரை அணுகும்போது முகத்தில் ஏதோ படுவதுபோல் தோன்றுவதாக விழியிலார் பலர் கூறுவதுண்டு. முகத்தின் தோலே அதை உணர்கின்றது என்றுதான் முன்னர் எண்ணினர். 1944-இல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சூப்பா, காட்சின், டாலென்பாக் என்னும் மூவர் இதனை ஆராய்ந்தனர். அவருள் சூப்பா விழியிலார். முகத்தை மூடிச் செவியைத் திறந்துவிட்டபோது நடந்தவர் சுவரை அறிந்து நின்றனர். செவியை அடைத்தபோது சுவரில் மோதினர். தம் காலடியோசை சுவரில் பட்டு மீள்வதைச் செவியே கேட்டது. முகம் உணர்ந்ததாக அவர் மயங்கினர். வௌவால் இருளிற் பறப்பதும் இம்முறையிலேதான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியரான ஸ்பல்லான்சானி, விழி மறைத்த வௌவால் தடைபடாது பறத்தலைக் கண்டு வியந்தார். அது நம் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பி அதன் எதிரொலியைக் கேட்கின்றதென்பதை அமெரிக்கர் டொனால்டு கிரிஃபின் 1938-ஆம் ஆண்டு தொடங்கிச் செய்த சோதனைகளால் நிறுவினார்.

கார்னெல் சோதனையின் பயனை நம் ஊரோடு பொருத்திப் பார்க்க. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் கடற்கரைச் சாலையில் நின்றால், அருகில் நிற்பவர் பேச்சே செவிக்கு எட்டாது. காலடி எதிரொலி எங்ஙனம் எட்டும்? அந்நாட்களில் விழியிலார்க்குக் கண்ணோடு காதும் பாதி அடைபடுகின்றது. ஆதலின் அவர்க்கெனச் செய்யப்படும் எக்கருவியும் அவர்தம் செவியை மேலும் மறைப்பதாயின் அது நன்மையினும் தீமையே மிகுதியாகச் செய்யும். இதனை முதலில் மனத்திற் பதித்துக்கொண்டு கருவிகளை நோக்குவோம்.

வௌவாலின் வழியைப் பின்பற்றிக் கருவி செய்தவருள் லெஸ்லி கே என்பார் முற்பட்டவர். அவர் 1960-களில் கையிற் பிடிக்கும் விளக்குப் போன்றதொரு கருவியையும், பின்னர் நியூசிலாந்திலிருந்து மூக்குக்கண்ணாடி வடிவில் அணியத்தக்க ‘சோனிக்கைடு’ என்னும் கருவியையும் ஆக்கினார். கண்ணாடி செவிக்கெட்டாத ஒலியை முன்னே செலுத்தும். மீண்டு வரும் எதிரொலியைக் கேட்கத்தக்க சுரமாக மாற்றி இருசெவிக்கும் தரும். தொலைவிலுள்ள பொருள் உயர்ந்த சுரம். அண்மையிலுள்ளது தாழ்ந்த சுரம். மரத்தின் இலைத்தொகுதிக்கு ஓரோசை, கண்ணாடிச் சாளரத்திற்கு ஓரோசை. அறிவுநுட்பத்தால் இது பெருங்காரியமே. ஆனால் இதைப் பயிலுதல் ஓர் இசைக்கருவியைப் பயிலுதல் போன்றது, விலையும் மிகுதி, எல்லாவற்றினும் மேலாக, விழியிலார்க்குப் பெரிதும் வேண்டிய செவியையே அது வேலைகொண்டது. எங்கும் பரவாமல் அது நின்றுபோனமைக்கு இவையே காரணம் என எண்ணுகின்றோம்.

செவியை விடுத்துக் கைக்குச் செய்தி சொல்லலாகாதா? இதற்கு இக்கரையில் ஒரு பழைய சான்றுண்டு. முத்துச் சலாபம் நடந்த காலத்தில், குளிகாரர் கயிற்றிற் கட்டிய கல்லின்மீது காலூன்றிப் பல பாகம் ஆழத்துக்குச் சென்று சிப்பி அரிப்பர். ஆழத்தில் அவர் பேச இயலாது. படகில் இருப்பவர் அவரைக் காண இயலாது. இருவர்க்கும் இடையே இருப்பது ஒரு கயிறே. மூச்சு முட்டும் தறுவாயில் குளிகாரர் கயிற்றை ஒருமுறை இழுப்பார். மேலே கயிற்றைக் கையில் பிடித்திருப்பவர் அக்கணமே விரைந்து தூக்குவார். கண்ணும் செவியும் பயன்படாத இடத்தில் உயிரையே கையின் உணர்ச்சிக்கு ஒப்புவித்தனர். அம்மொழியில் உள்ள சொல் ஒன்றிரண்டே. அவை ஐயத்திற்கு இடந்தருவன அல்ல. இக்கரையின் கடைசிச் சலாபம் 1961-இல் நடந்தது. கயிற்றின் மொழி அதனோடு ஓய்ந்தது.

அதையொத்த மொழியில் பேசும் கருவியொன்று நம் நாட்டிலேயே தோன்றியது. டெல்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2005-ஆம் ஆண்டளவில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணன் வழிகாட்ட, ரோகன் பால் முதலாய இளநிலை மாணவர் சிலர் தம் பாடத்தின் பகுதியாக ஒரு முயற்சி தொடங்கினர். எம்மையொத்த பருவத்து மாணவர் என்பதை இங்குக் குறிப்பிட்டே ஆகவேண்டும். மாணவர் செய்யும் திட்டங்கள் தேர்வு முடிந்ததும் பரணில் ஏறுவது வழக்கம். இஃது ஏறவில்லை. ஆண்டுகள் பல உழைத்து, விழியிலார் பலர் கையிற் கொடுத்துச் சோதித்து, சென்னையிலுள்ள ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனத்தார் உற்பத்தி செய்ய, 2014-இல் ‘ஸ்மார்ட்கேன்’ என்ற பெயரால் அது வெளிவந்தது. அந்நாளில் அதன் விலை ஏறத்தாழ 3,000 ரூபாய். மேனாட்டு இனக்கருவிகளின் விலையோ இதனினும் பன்மடங்கு.

அது கோலை நீக்கவில்லை என்பதே அதன் சிறப்பு. பழைய வெண்கோலின் பிடியில் அது ஒரு கைப்பிடியாகப் பொருந்திக்கொள்கின்றது. நிலத்தைக் கோலே பார்த்துக்கொள்ளும். முழங்காலுக்கு மேற்பட்டதைக் கைப்பிடி பார்த்துக்கொள்ளும். அது செவிக்கெட்டாத ஒலித்துடிப்பை முன்னே விடுத்து, எதிரொலி மீளும் காலத்தை அளக்கின்றது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். லாரியின் பின்பலகை 3 மீட்டர் தொலைவில் இருப்பின், போய்வர 6 மீட்டர். ஒரு நொடியை ஆயிரங் கூறிட்டால் அவற்றுள் 17 கூறளவே பிடிக்கும். மீன்பிடி விசைப்படகுகளில் கடலின் ஆழத்தை அளக்கும் கருவி செய்வதும் இக்கணக்கே. நீரில் ஒலி நொடிக்கு 1,500 மீட்டர் விரைதலின், 15 மீட்டர் ஆழத்திற்கு 20 கூறு காலம் ஆகும். படகோட்டிக்கு அவ்விடை திரையில் எண்ணாக வருகின்றது. கோல் பிடித்தவர்க்கு உள்ளங்கையில் அதிர்வாக வருகின்றது. தடை நெருங்க நெருங்க அதிர்வின் நடை மாறும். வெளியிடத்திற்கு 3 மீட்டர் வரையும், வீட்டினுள்ளே 1.8 மீட்டர் வரையும் பார்க்குமாறு இருவகையாக அதனை அமைத்துக்கொள்ளலாம். செவி முழுதும் தெருவுக்கே உரியதாய் நிற்கின்றது.

எம்மோடு தமிழ் பயிலும் நண்பர் ஒருவர் விழியிலார். அதிருங் கைப்பிடி கொண்ட கோலொன்றைச் சிலகாலம் வழங்கியவர். அதன் பயனை வினாவியபோது, தம் நெற்றியில் இருந்த பழைய வடுவொன்றைத் தொட்டுக் காட்டி, “இக்கோல் வந்தபின் இதற்குத் துணையாக மற்றொன்று உண்டாகவில்லை” என்றார். ஆனால் புகழ்ந்து நிறுத்தினாரல்லர். சந்தைக் கூட்டத்தில் எப்பக்கமும் ஆள் நிற்றலின் அது ஓயாது அதிர்கின்றது. எல்லாவற்றையும் சொல்லுகின்றவன் ஒன்றையும் சொல்லாதவனே என்று நகைத்தார். அத்தகைய இடத்தில் பொறியை நிறுத்திவிட்டு வெறுங்கோலையே நம்புகின்றாராம். உப்புக்காற்று இரும்பையும் செம்பையும் அரிக்கும் இவ்வூரில் மின்கருவியைத் துடைத்து உலர்த்தி வைப்பதும் ஒரு நாட்கடனாயிற்று என்றார்.

வழியைப் பற்றிய மற்றொரு கேள்வி உண்டு. தடையை விலக்குதல் வேறு; சேருமிடம் அறிதல் வேறு. மோதாமல் நடப்பவர் வழிதவறியும் நடக்கலாமன்றோ? ஐதராபாத்திலுள்ள டூசியர் டெக்னாலஜீஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கிய கிறிஸ்பியன் லாரன்ஸ், அனிருத் சர்மா ஆகிய இருவரும் இதற்கொரு காலணி செய்து 2014-இல் அறிவித்தனர். ‘லே சல்’ என்று அதற்குப் பெயர்; ‘அழைத்துச் செல்’ என்பது இந்தியில் அதன் பொருள். செல்பேசி செயற்கைக்கோள்களின் குறிப்பால் இருக்குமிடத்தை அறிந்து, இடப்பக்கம் திரும்பவேண்டின் இடக்காலணியையும், வலப்பக்கம் திரும்பவேண்டின் வலக்காலணியையும் அதிரச் செய்யும். சுருக்கமும் தெளிவும் உடைய மொழி. எமக்குப் பெரிதும் பிடித்தது. ஆயினும் செயற்கைக்கோள் காட்டும் இடம் சில மீட்டர் பிசகக்கூடும். லாரி ஓடும் சாலையில் சில மீட்டர் என்பது நடைபாதைக்கும் நடுச்சாலைக்கும் உள்ள தூரம். காலணி தெருவைக் காட்டலாம். தெருவில் அடிவைக்கும் இடத்தைக் கோலே காட்டவேண்டும்.

தனித்துச் செல்லுதல் என்பதற்கு எவரையும் கேளாது செல்லுதல் என்று பொருள்கொள்வோர் உளர். அவர் ஒருமுறை நம் வ.உ. சிதம்பரனார் துறைமுகத்தை நோக்குக. பெருங்கப்பல்களில் ஆழமளக்கும் கருவியும், செயற்கைக்கோட் கருவியும், ராடாரும் எல்லாம் உள. இருந்தும் துறைமுகத்தார் அனுப்பும் வழிகாட்டி ஏறிய பின்னரே கப்பல் அலைதடுப்புச் சுவர்களுக்கிடையே நுழைகின்றது. அதனால் மாலுமி தன்னுரிமை இழந்தான் என்று எவரும் கூறார். விழியிலார் ஒருவர் சாலை கடக்கும்போது துணை கேட்பதும் அத்தகையதே. எப்போது கேட்பது, எவரைக் கேட்பது என்பதைத் தாமே முடிவுசெய்தல்தான் தன்னுரிமை. நம்மவர் செய்வதோ வேறு. கேளாமலே கையைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடுகின்றோம்! நண்பர் எமக்குக் கற்பித்தது இது: “நீர் என் கையைப் பிடியாதீர், உம் முழங்கையை எனக்குத் தாரும். நீர் ஏறினால் யானும் ஏறுவேன், நின்றால் நிற்பேன்.” முழங்கை ஒன்றே படியையும் திருப்பத்தையும் சொல்லிவிடுகின்றது.

இந்நாளில் புகழ்பெற்று வருவன கண்ணாடிக் கருவிகள். பெங்களூரு எஸ்.எச்.ஜி. டெக்னாலஜீஸ் நிறுவனத்தாரின் ‘ஸ்மார்ட் விஷன்’ கண்ணாடி, அணிந்தவர் எதிரே உள்ளவற்றைச் சொல்லாலே எடுத்துரைக்கின்றது. அச்செழுத்தைப் படித்துக் காட்டுகின்றது. அறிமுகமான முகத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றது. மேசையில் அமர்ந்து கடிதம் படிப்பதற்கு இதனினும் இனியது வேறில்லை. இரைச்சல் மிக்க தெருவிலே இதன் பேச்சை எத்துணைக் கேட்கலாம் என்பதில் மட்டும் எமக்கு ஐயமுண்டு. விலையும் ஏழைக் குடும்பங்களுக்கு எட்டுவதாக இல்லை. அரசு பார்வையற்றோர்க்கு விலையின்றி வழங்கிவரும் மடக்குக்கோல், எளிமையால், இன்னும் பெரும்பாலார்க்குத் துணையாய் நிற்கின்றது. கோலைக் கொடுத்தல் போதாது, ஹூவர் கற்பித்த நடையையும் கற்பித்தல் வேண்டும். பயிற்சியின்றிக் கொடுத்த கோல் மூலையிற் சாய்ந்து கிடப்பதை நாம் காண்கின்றோமன்றோ?

நிற்க. கருவியால் தீராத ஒன்றையும் சொல்லவேண்டும். 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதும் அதற்கு மேலும் உடையோரின் பார்வையின்மைக்குக் காரணங்களுள் 66.2 விழுக்காடு சிகிச்சை பெறாத கண்புரையே எனக் கண்டனர். அவர்க்கு வேண்டுவது அதிரும் கோலன்று. சிறு அறுவைச் சிகிச்சையே. இதை மறந்து கருவிகளையே பாடிக்கொண்டிருத்தல் பிழை.

தெருவும் ஒரு கருவியே. ஜப்பானியர் மியாகே செய்சி, காலடியால் உணரத்தக்க மேடுகள் கொண்ட கற்களை ஆக்கி, 1967-இல் ஒகயாமா நகரத்துச் சாலையொன்றில் முதன்முதலாகப் பதித்தார். நீண்ட கோடுகள் ‘செல்க’ என்னும். வட்டப்புள்ளிகள் ‘நிற்க’ என்னும். இருசொல் மொழி, எந்நாட்டவர்க்கும் ஒன்றே. நம் நாட்டிலும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பொதுவிடங்கள் அனைவரும் அணுகத்தக்கனவாதல் வேண்டும் என விதிக்கின்றது. அத்தகைய மஞ்சட் கற்கள் பதித்த நடைபாதைகளில் இருசக்கர வண்டியும், இளநீர்க் குவியலும், விளம்பரப் பலகையும் நிற்பதைக் காண்பது அரிதன்று. கல்லைத் தொடர்ந்து நடப்பவர் நேரே அவற்றின்மேல் சென்று முட்டுவார். கல் இல்லாதிருப்பின் எச்சரிக்கையாகவேனும் நடந்திருப்பார்!

பேருந்தைப் பற்றிக் கூறி முடிப்போம். நண்பர் தனியே ஊர் செல்வதற்குக் கோல் தடையாயில்லை. லாரியும் இப்போது தடையில்லை. வந்து நிற்பது எந்தப் பேருந்து என்று தெரியாமையே தடை. முன்னர்க் கூறிய டெல்லிக் கழகத்தாரே இதற்கும் ‘ஆன்போர்டு’ என்றொரு கருவி செய்துள்ளனர். நிறுத்தத்தில் நிற்பவர் கையிலுள்ள பொத்தானை அழுத்தினால், அண்மையில் வந்த பேருந்தின் தடஎண் ஒலிக்கும். வேண்டியதாயின் மீண்டும் அழுத்த, வாயிலருகே ஒலி எழும். அவ்வொலியை நோக்கி நடந்து ஏறலாம். எல்லாப் பேருந்திலும் பெட்டியொன்று பொருத்தினாலன்றி இது பயன்படாது. அதுகாறும் தமக்கு வேண்டுவது ஒன்றே என்கின்றார் நண்பர்: சனிக்கிழமை மாலையில் நிறுத்தத்தில் நிற்கும் மாணவருள் ஒருவர், வருகின்ற ஒவ்வொரு பேருந்தின் பலகையையும் எவரும் கேளாமலே உரக்கப் படித்தல். சென்ற பருவத்தில் நம் விடுதி மாணவர் சிலர் இதனைத் தொடங்கினர். எழுத்தறியாத பாட்டியர் சிலரும் இப்பொழுது அவர்களுக்கருகே வந்து நிற்கின்றனர்.